காற்று மேலேதான் நிற்கும்

காரின் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்த உடனேயே மனைவி கேட்டுவிட்டாள், இதையெல்லாம் திரும்ப மாட்டுகிற உத்தேசம் உண்டா என்று. கதவுக்காரர் காதில் விழாதவர் போல ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புதிதாக எழும்பும் கட்டடங்களுக்குக் கதவு மாட்டுவது அவர் தொழில். நிலையில் கதவைத் தூக்கி நிறுத்தி, கீல் வைத்து, திருகை முடுக்கிவிட்டு, ஒற்றை விரலால் தள்ளிப் பார்ப்பார். கதவு சத்தம் காட்டாமல் போய்ச் சாத்திக்கொள்ள வேண்டும். அப்படிச் சாத்தாத கதவை அவர் விட்டுவிட்டு வந்ததே கிடையாது. சொத்து என்று அவரிடம் இருந்தது இந்தக் கர்வம் ஒன்றுதான். அன்றைக்கு அதையும் கூட எடுத்துக்கொண்டுதான் காருக்குப் பக்கத்தில் குந்தினார்.

காரை ஓட்டுகிறவள் மனைவி. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிஸ்கட் கம்பெனியில் அவளுக்குப் பொட்டலம் கட்டுகிற வேலை. கூட வேலை பார்க்கிற இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு காலையில் மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்குவாள். ஏறுவது கூடப் பரவாயில்லை. இறக்கம்தான் மோசம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வளைவுக்கு மேல் வளைவு. கொஞ்ச நாளாக அந்த இறக்கத்தில் பிரேக் சூடேறி, தீய்ந்த வாடை வர ஆரம்பித்திருந்தது.

அந்தப் பக்க மலையடியில், கம்பெனிக்குப் போகிற வழியிலேயே, அவளுடைய தம்பி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வண்டியைப் பார்த்துவிட்டு, இந்தச் சின்ன டிஸ்க் மலைக்குத் தாங்காது, இதே கார் கம்பெனியின் பெரிய வண்டிக்கு வருகிற டிஸ்க்கும் கேலிப்பரும் வாங்கிப் போட்டால் கல் மாதிரி நிற்கும், ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போ என்று சொன்னான். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு டிஸ்க். அதைக் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கை கேலிப்பர். இரண்டும் பெரிசானால் பிடியும் பெரிசாகும். இவ்வளவுதானே சங்கதி என்று கதவுக்காரர் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

கூலி ஒரு பிரச்சினையே இல்லை. அக்காவிடம் அவன் என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறான். முள் தைத்திருந்தது வேறு இடத்தில். ஒருமுறை ஆயில் மாற்ற வண்டியைக் கொண்டு போனவர், சும்மா இருக்க மாட்டாமல் கிட்டே போய் நின்று, அந்த போல்ட் கோணலாகப் போகிறது, இந்த நட்டு இறுக்கம் போதாது என்று வேலைக்காரர்களுக்குப் பாடம் எடுத்தார். மச்சான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"மாமா, கதவு கோணிச்சுன்னா கிறீச்சுனு சத்தம் வரும். இது கோணிச்சுன்னா சத்தமே வராது. நீங்க வெளிய போய் உக்காருங்க."

நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான். இவர் வெளியே வந்து பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு அவர் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அதனால்தான், பழைய வண்டி உடைக்கிற இடத்தில் அலைந்து, பெரிய வண்டியின் டிஸ்க்கையும் கேலிப்பரையும் அவரே தேடிப் பிடித்து வந்தார். மச்சான் கடையில் இப்போது கூட்டம் நெரிகிறதாம் என்று மனைவியிடம் ஒரு பொய்யும் சொல்லி வைத்தார். அவள் நம்பவில்லை.

"கடையில குடுத்தா ஒரு நாள் வேலை. நீங்க செஞ்சா ஒரு நாள் வேலை, ஒரு வாரம் சண்டை."

வேலை என்னவோ நன்றாகத்தான் போனது. துருப்பிடித்த போல்ட்டுகள் எண்ணெய் குடித்து இளகி வந்தன. புது டிஸ்க் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கேலிப்பர் இரண்டிலும், அவற்றை விற்றவன் வெள்ளைப் பெயிண்டால் இடது, வலது என்று அடையாளம் போட்டுக் கொடுத்திருந்தான். கதவுக்காரர் எழுந்து வண்டிக்கு எதிரே, விளக்குகளைப் பார்த்தபடி நின்றார். கதவுக்கு இடக்கை, வலக்கை பார்க்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். வெளியே, நேர் முன்னால் நிமிர்ந்து நின்று பார்ப்பார்கள். கீல் தன் இடது கைப் பக்கம் வந்தால் அது இடக்கைக் கதவு. ஆயிரம் வாசலில் அப்படி நின்றவர் அவர். அப்படியே நின்று, இடது என்று எழுதியிருந்ததைத் தன் இடது கைப் பக்கம் வைத்தார். வலதை வலது கைப் பக்கம் வைத்தார். மாட்டினார். போல்ட் துளி முரண்டு பிடிக்கவில்லை. எண்ணெய்க் குழாயும் இழுபறி இல்லாமல் வந்து சேர்ந்தது. கோணலாக இருந்தால் இப்படி உட்காருமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

ஒன்று மட்டும் உறுத்தியது. கழற்றிப் போட்ட பழைய கேலிப்பரில், பிரேக் எண்ணெய்க்குள் சிக்கிய காற்றை எடுக்கிற நிப்பிள், அந்தச் சின்னத் துளைத் திருகு, மேலே இருந்தது. இதில் கீழே இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அவருக்கே ஒரு விளக்கம் கிடைத்தது. வடிய வேண்டியது கீழேதானே வடிய வேண்டும்? வீட்டுக்குக் குழாய் வேலை செய்கிறவன் வடிகாலைக் கூரையிலா வைப்பான்? சின்ன வண்டி செய்தவனுக்கு விவரம் போதாது, மேலே வைத்துவிட்டான். பெரிய வண்டிக்காரன் யோசித்துக் கீழே வைத்திருக்கிறான். இதை மனைவியிடமும் சொன்னார். அவள் வண்டிக்குள் சீட்டில் உட்கார்ந்து, அவர் சொல்கிறபடி பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள். இவர் கீழே குந்தி, நிப்பிளைத் திறந்து திறந்து மூடினார். முதலில் கொஞ்சம் குமிழ் வந்தது. பிறகு எண்ணெய் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. ஒரு குமிழ் கிடையாது. அவருக்கு மனது குளிர்ந்துவிட்டது.

"ஈரத்துணி மூட்டைய மிதிக்கிற மாதிரி இருக்குங்க," என்றாள் அவள்.

புதுசு, படிய நாளாகும் என்றார். அவளை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி மிதித்துப் பார்த்தார். கால் கிட்டத்தட்டத் தரை வரை போனது. விட்டு மறுபடி மிதித்தார். சட்டென்று நின்றது.

"பாரு, ரெண்டாவது மிதிக்குக் கல்லு மாதிரி நிக்குது."

"அப்ப மொத மிதி?"

"அது எழுப்பி விடுறதுக்கு."

அவள் சிரிக்கவில்லை. தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். சமதளத்தில் வண்டி அவர் சொன்ன இடத்தில் நின்றது. தம்பியிடம் ஒருமுறை காட்டிவிட்டால் என்ன என்று அவள் இழுத்தாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் அந்தப் பேச்சை அத்தோடு விட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அன்று முழுவதும் வீட்டில் பாத்திரச் சத்தம்தான் அதிகம் கேட்டது.

மறுநாள் காலை அவள் கிளம்பியபோது கதவுக்காரர் வாசலில் நின்றிருந்தார். தெரு முனையில் வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, உடனே மறுபடி எரிந்தது. பிறகு வண்டி திரும்பிப் போனது. அவர் கொஞ்ச நேரம் அந்த வெறும் தெரு முனையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வேலைக்குப் போனார்.

வேலை, ஒரு புது வீட்டில் படுக்கையறைக் கதவு. வீட்டுக்காரம்மாள் சுண்ணாம்பு வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். கதவைத் தூக்கி நிறுத்தியதும், இது தப்பு, நான் இடது பக்கம் அல்லவா கேட்டேன் என்றாள். இடது பக்கம்தான் மாட்டுகிறேன் என்றார் இவர். இல்லை என்றாள். இவருக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வீட்டுக்காரர்களைப் பார்த்தவர். பொறுமையாக, கதவுக்கு இடது வலது என்பது வெளியே நின்று பார்ப்பதுதான், இந்தத் தொழிலில் எல்லோருக்கும் அதுதான் கணக்கு என்று எடுத்துச் சொன்னார்.

அவள் அறைக்குள் இருந்தபடியே சொன்னாள்:

"நீங்க மாட்டிட்டுப் போயிருவீங்க. உள்ள இருக்கப் போறது நான். எனக்கு எது இடதோ அதுதான் இடது."

கதவுக்காரர் சரி என்று தலையாட்டினார். கீலைக் கழற்றக் கையை நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

வண்டிக்கு இடது எது? வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எது இடதோ அதுதான். இவர் எங்கே நின்றார்? வெளியே, விளக்குக்கு எதிரே நின்றார். இடது என்று எழுதியிருந்தது வண்டியின் வலது சக்கரத்தில் இருக்கிறது. வலது, இடது சக்கரத்தில். இரண்டும் தலைகீழாக நிற்கின்றன. அதனால்தான் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே போயிற்று. பெரிய வண்டிக்காரன் யோசித்துக் கீழே வைக்கவில்லை. இவர்தான் கீழே கொண்டு போய் வைத்திருக்கிறார்.

தலைகீழாக இருந்தால் என்ன ஆகும் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் அதிகம் பயமாக இருந்தது. அந்த மெத்து மெத்தென்ற மிதி இப்போது அவர் காலடியில் திரும்ப வந்தது.

மனைவிக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள். பைக்குள் எங்கேயோ கிடக்கும். மறுபடி அடித்தார். இந்நேரம் ஏறிக்கொண்டிருப்பாள். ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை. உச்சியைத் தாண்டிவிட்டால்? அடுத்து யாருக்கு அடிக்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மலையடியில் இருக்கிறவன் ஒருவன்தான் இருக்கிறான். கட்டைவிரல் அவன் நம்பர் மேல் போய் நின்றது, அமுக்க வரவில்லை. மூன்றாவது தடவையாக மனைவிக்கே அடித்தார். அந்தத் தடவையும் மணி போய் ஓய்ந்த பிறகுதான் மச்சானைக் கூப்பிட்டார். அப்போதும் வாய் நேராக வரவில்லை.

"மச்சான், ஒரு சந்தேகம். காத்து எடுக்குற நிப்பிள் கீழ வந்தா என்ன ஆகும்?"

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

"காத்து மேலதான் நிக்கும் மாமா. கீழ திறந்தா எண்ணெய் சுத்தமா வரும், பாக்க நல்லா இருக்கும். காத்து உள்ளயே கெடக்கும். சூடேற ஏற அது ஊதும், மிதி தரைக்குப் போயிரும்." கொஞ்சம் நிறுத்தினான். "அக்கா எங்க?"

"கெளம்பிட்டா."

போன் வைக்கப்பட்டுவிட்டது. திட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தார். அவன் திட்டக்கூட நிற்கவில்லை.

கதவு பாதியில் தொங்கியது. வீட்டுக்காரம்மாள் எதையோ கேட்டாள். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மலைக்கு விட்டார். ஏற்றத்தில் அது இருமியது, முனகியது. உச்சியில் பனி இன்னும் விலகவில்லை. அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் ஓரக் கல்லைப் பார்த்தார். கல் அசையாமல் இருந்தால் அடுத்த வளைவு. எதிரே வந்த பஸ்காரனின் முகத்தைப் பார்த்தார், கீழே ஏதாவது பார்த்துவிட்டு வருகிற முகமா என்று. தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் அந்த வாடை வந்தது. தீய்ந்த ரப்பரும் இரும்பும் கலந்த வாடை. நாற்றம் அங்கேயே கட்டி நின்றது. இன்னொரு வளைவில் ஓரக் கல் ஒன்று புதிதாகப் பெயர்ந்து கிடந்தது. காரின் பெயிண்ட் அதில் தேய்ந்திருந்தது. வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. பார்க்காமலும் போக முடியவில்லை. எட்டிப் பார்த்தார். கீழே மரங்கள்தான் இருந்தன. ஒரு கிளை கூட ஒடிந்திருக்கவில்லை.

அதற்கும் கீழே, பாதை கொஞ்சம் அகலமாகிற இடத்தில், மச்சானின் இழுவை லாரி நின்றது. அதன் பின்புறத்தில் கார் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. முன்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மச்சான் காரைச் சங்கிலி போட்டு லாரியோடு கட்டிக்கொண்டிருந்தான். கூட வந்த பெண்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். இன்னொருத்தி, நெட்டையானவள், சாலை நடுவில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். நடந்தது அவள் பேச்சிலிருந்துதான் இவருக்குத் தெரிந்தது. உச்சி தாண்டி நாலு வளைவு வரை ஒழுங்காக வந்ததாம். பிறகு எத்தனை மிதி மிதித்தாலும் கால் தரையிலேயே கிடந்ததாம். மனைவி கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, கல்லில் உரசி, ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கீழிருந்து ஏறி வந்த லாரி இவர்களைக் கண்டதும் திரும்பி, முன்னால் ஓடி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கார் வந்து தன் மேல் முட்டுகிற மாதிரி முதுகைக் கொடுத்திருக்கிறது. இன்னும் ஒரு வளைவு பிந்தியிருந்தால் திரும்புவதற்கு இடமே இருந்திருக்காது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நெட்டையானவள் மச்சான் பக்கம் திரும்பினாள்.

"அக்கா அக்கான்னு கூப்பிடுறியே. சொந்த அக்கா வண்டிக்கே இப்படி மாட்டிக் குடுத்தா, ஊரான் வண்டிக்கு என்னத்த மாட்டுவ? உன் கடையில புது பிரேக் போட்டிருக்குன்னு சொன்னாளேன்னுதான் நம்பி ஏறுனோம்."

மச்சான் சங்கிலிக் கொக்கியை முறுக்கினான். ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தான். மறுபடி கொக்கியைப் பார்த்தான்.

கதவுக்காரருக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்காரர் மாட்டினார் என்று சொன்னால் யார் ஏறுவார்கள்? கடையில் போட்டது என்று சொல்லித்தான் அவர்களை ஏற்றியிருக்கிறாள். அவருடைய கௌரவத்தையும் காப்பாற்றி, அந்த இரண்டு உயிரையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மச்சான் காட்டிக் கொடுக்க மாட்டான். அவன் கடை இந்தச் சாலையில் கெட்டுப் போகும். இவர் கதவு எல்லாம் சத்தமில்லாமல் சாத்தும்.

"அவன் கடை இல்லம்மா," என்றார். "நான்தான் மாட்டினேன்."

நெட்டையானவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க கதவு மாட்டுறவர்தானே?"

"ஆமாம்மா."

அவள் வாந்தி எடுத்தவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, அவரை விட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

மனைவி இன்னும் ஓட்டுகிற சீட்டில்தான் இருந்தாள். கண் நேரே லாரியின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கால் பிரேக்கைத் தரையோடு தரையாக அழுத்தியபடி விறைத்துப் போயிருந்தது. கதவுக்காரர் கதவைத் திறந்து குந்தினார்.

"கால எடும்மா. வண்டி நின்னுருச்சு."

"எடுத்தா ஓடிரும்."

"ஓடாது. சங்கிலி போட்டாச்சு. நான் பாத்துட்டேன்."

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்சம் குரலைத் தூக்கி, அவருக்குப் பின்னால் நின்றவனைக் கேட்டாள்.

"தம்பி, நீ சொல்லு. எடுக்கட்டுமா?"

"எடுக்கா," என்றான் அவன்.

எடுத்தாள். பெடல் எழுந்து வரவில்லை. கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அவளையும் மற்ற இருவரையும் மச்சான் லாரியில் ஏற்றினான். நெருக்கிக்கொண்டுதான் உட்கார முடிந்தது. இன்னொரு ஆளுக்கு இடம் இல்லை. இருக்கிறதா என்று யாரும் பார்க்கவும் இல்லை. முன்புறம் தூக்கிக் கட்டப்பட்ட காரோடு லாரி மெல்ல நகர்ந்தது. அந்தரத்தில் தொங்கிய சக்கரத்துக்குள், வெள்ளைப் பெயிண்டில் எழுதிய எழுத்து வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

கதவுக்காரர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். கீழே இன்னும் பாதி மலை இருந்தது. பிரேக் பிடியில் விரல்களை வைத்தார். இதற்கும் பிரேக் கட்டை மாற்றியது அவர்தான். போன மாதம், மழை நாளில், கம்பி நீளமாக இருந்ததால் ஒரு முடிச்சுப் போட்டு விட்டிருந்தார். இவ்வளவு தூரம் இறங்கி வந்தபோது அது நினைவுக்கே வரவில்லை.

லாரி வளைவில் திரும்பி மறைந்தது. அதன் சத்தம் கொஞ்ச நேரம் பாறையில் மோதிக்கொண்டிருந்தது. அவர் ஸ்கூட்டரை விட்டு இறங்கி, எஞ்சினை அணைத்து, அதைப் பாறைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தள்ளியபடி கீழ்நோக்கி நடக்கத் தொடங்கினார்.